கிட் வாங்காதீர்கள், பஃபரை மாற்றுங்கள்

ஆய்வு மாணவி ஒருவரின் கேள்வி: 12 அமினோ அமிலம் கொண்ட பெப்டைட் (குட்டிப் புரதத் துண்டு), அதில் ஒரே ஒரு லைசின், முன் முனையில் உள்ள அமீன் அசிடைல் போட்டு அடைத்தது. அதில் ஒளிரும் சாயம் ஒட்ட வேண்டும். 50 மில்லிமோலார் ட்ரிஸ் பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்), பிஹெச் 8-இல், ஃப்ளோரசின் என்ஹெச்எஸ் எஸ்டர் என்ற சாயத்துடன் இரவெல்லாம் கலக்கியும் மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறின் எடை பார்க்கும் கருவி) பழைய எடைதான். கெமிக்கல் விற்கும் ஏஜென்ட், சாயம் ஒட்டும் லேபிளிங் கிட் ஒன்றை வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா?

வேண்டாம். சிக்கல் ட்ரிஸ்தான். இந்த எஸ்டர் அமீனைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் லைசினில் அமீன் இருக்கிறது, ட்ரிஸிலும் இருக்கிறது, அதுவும் பெப்டைடைவிடப் பல மடங்கு அதிகமாக. சாயம் அதற்கே போய்விடும். மிச்சத்தைத் தண்ணீர் கெடுக்கும்: பிஹெச் 8.6-இல், 4 டிகிரிக் குளிரிலேயே, சுமார் 10 நிமிடத்தில் பாதி எஸ்டர் வீணாகிறது. இரவெல்லாம் கலக்கிப் பயனில்லை, ஒரு மணி நேரம் போதும்.

ட்ரிஸுக்குப் பதில் 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட், பிஹெச் 8.3, எடுங்கள்; அதில் அமீன் இல்லை. விற்பனைக்கு வரும் பெப்டைட் பெரும்பாலும் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளோரோஅசெட்டிக் அமிலம்) உப்பு, அமிலம் கலந்திருக்கும். அதனால் கரைத்த பிறகு பிஹெச் தாளில் கட்டாயம் பாருங்கள். சாயத்தை ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் அப்போதே கரைத்துச் சேருங்கள்.

ட்ரிஸ் எப்போதும் ஆகாது என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் மாலிமைட் (வேறு வகை ஒட்டும் வேதிக்குழு) கொண்ட சாயம் ஒட்டப் போகிறீர்கள் என்றால் பிஹெச் 7 ட்ரிஸ் தாராளமாகப் போடலாம், ஏனென்றால் மாலிமைட் தேடுவது சிஸ்டீனின் தயாலை (கந்தகக் குழு), அந்த பிஹெச்சில் ட்ரிஸின் அமீனும் பெரும்பாலும் புரோட்டானோடு அடங்கிக் கிடக்கும், 7.5-ஐத் தாண்டினால்தான் மாலிமைட் அமீன்களையும் தொடத் தொடங்கும், ஆக மாலிமைட் என்றால் ட்ரிஸ் சரி, ஆனால் பிஹெச்சை ஏற்றாதீர்கள், அங்கே டிடிடி (டைதையோத்ரைட்டால்) போன்ற தயால் எதையும் மிச்சம் விடாதீர்கள், மாலிமைட் அதற்கே போய்விடும்.

இப்போது அந்த கிட். பெரும்பாலான கிட் ஆன்டிபாடிக்கானது, அதன் எடை ஏறக்குறைய 1,50,000 டால்டன். ஒட்டாத சாயத்தைப் பிரிக்க கூடவே தரும் காலம் (column, வடிகட்டும் குழாய்), பெரிய புரதத்தை விட்டு, சின்னதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பெப்டைட் ஏறத்தாழ 1,400 டால்டன், அதுவும் சாயத்தோடு அங்கேயே மாட்டும். டயாலிசிஸ் பையிலும் கசிந்து ஓடிவிடும். சி18 ஹெச்பிஎல்சியில்தான் (கலவையைப் பிரித்தெடுக்கும் கருவி) பிரிக்க வேண்டும். உங்கள் மூலக்கூறு எவ்வளவு பெரியது என்றுகூடக் கேட்காமல் கிட் விற்க வருபவரிடம் எதுவும் வாங்காதீர்கள். இதே ஆட்கள்தான் குளிரில் வர வேண்டிய சாயத்தை வெயிலில் பைக்கில் கொண்டுவந்து கையெழுத்து வாங்குவார்கள். சாயத்தை ஐந்து மில்லிகிராம் சின்ன பாட்டிலாகக் கேளுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே படிந்துவிடும்.

முதலில் ஒரு மில்லிகிராம் பெப்டைடில் செய்து பாருங்கள். மாஸ் ஸ்பெக்கில் எடை 358 டால்டன் கூடியிருந்தால் ஒட்டிவிட்டது, மீதியையும் போடலாம்.