இரும்புத் தாங்கியில் புகையடுப்பு: வளவில் செய்ய விரும்புவோருக்கான கேள்வி பதில்

பழைய இரும்புத் தாங்கியை வெட்டிப் புகையடுப்பு செய்வது பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கேள்விகள் வருமென்று நினைக்கவில்லை. திருகோணமலையில் வெல்டிங் பட்டறையோடு இருபது வருடத்துக்கு மேல் காலம் தள்ளியவன் நான். என் வளவில் இப்போது நிற்பது மூன்றாவது அடுப்பு. முதல் இரண்டிலும் பட்ட அடிகளே கீழே உள்ள பதில்களில் பாதி. புகையடுப்பு என்று நான் சொல்வது, இறைச்சிக்கு நேர் கீழே தணல் இராமல், பக்கத்தில் பொருத்திய நெருப்புப் பெட்டியில் விறகு எரிந்து, அந்தச் சூடும் புகையும் தாங்கிக்குள் புகுந்து மறுமுனைப் புகைக்கூட்டால் வெளியேறும் அமைப்பைத்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, வீட்டில் பழைய காஸ் சிலிண்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. 200 லீற்றர் பரலும் வாங்கலாம். எதை வெட்டுவது நல்லது? (நிலாவெளி, விருந்தினர் விடுதி நடத்துபவர்)

தம்பி, சிலிண்டரைத் தொடாதீர்கள். வைப்புப்பணம் கட்டி எடுத்து வந்தாலும் சிலிண்டர் கம்பனியின் சொத்து. அதைவிட முக்கியமான காரணம், வெறுமையானது என்று நாம் நம்பும் பாத்திரமே மிக ஆபத்தானது என்பதாகும். பெற்றோல் நிறைந்த பரலுக்குள் எரிவதற்குக் காற்று இல்லை; வடித்துவிட்ட பரலிலோ ஆவியும் காற்றும் கலந்து நிற்பதால், கிரைண்டரின் ஒரு பொறி அதை வெடிக்கச் செய்யப் போதும். அமெரிக்காவின் டெக்சாஸில் பெரிய புகையிறைச்சிக் கடைகள் பழைய புரொப்பேன் காஸ் தாங்கிகளைப் புகையடுப்பாக்குகின்றன என்பது உண்மையே. ஆனால் அங்கு அவற்றை வெட்டுபவர்கள் அதையே தொழிலாகச் செய்பவர்கள்.

என் முதல் தெரிவு, ரயர்க் கடைகளில் கழித்துவிடும் பழைய கொம்பிரசர் தாங்கி. அதன் சுவர் 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை தடிப்பாக இருப்பதால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடற்காற்றையும் தாங்கும். இரண்டாவது தெரிவு, சமையல் எண்ணெய் வந்த 200 லீற்றர் பரல். அதன் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் என்பதால் காற்று அடித்தால் சூடு இறங்கிவிடும். ஆனாலும் பழகுவதற்கு நல்லது. கிருமிநாசினி, தின்னர், இன்னதென்று தெரியாத இரசாயனம் ஆகியவை வந்த பரலை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். பழைய இரும்புக்கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், அதற்குள் என்ன இருந்தது என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை தம்பி, தண்ணிதான்" என்று அவர் சொன்னால் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் எப்படிச் சுத்தம் செய்வது? (மூதூர்)

கொம்பிரசர் தாங்கியானால் முதலில் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, எல்லா வால்வுகளையும் கழற்றுங்கள். உள்ளே எண்ணெய் கலந்த கறுப்புத் தண்ணீர் நிற்கும். வெந்நீரும் சவர்க்காரத் தூளும் ஊற்றி உருட்டி, வடித்து, மறுபடியும் உருட்டி, கழுவிய நீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரை தொடருங்கள்.

இதோடு நிறுத்திவிடக் கூடாது. தகடுகளை ஒட்டிய தையலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கிரைண்டரின் சூட்டில்தான் ஆவியாக எழும். ஆகையால் வெட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீரை நிரப்பி, மேலே எல்லாத் துளைகளையும் திறந்து வைத்து, முதல் வெட்டைப் போடுங்கள். மின்சாரக் கிரைண்டரும் தண்ணீரும் அருகருகே இருக்கும் என்பதால் தண்ணீர் சிந்தாமல், உலர்ந்த பலகையில் நின்று செய்ய வேண்டும். மின் கசிவில் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இதைச் செய்யவே கூடாது. கை பழகாதவர்கள் முதல் வெட்டைப் பட்டறையில் போட்டுக்கொண்டு மீதியை வீட்டில் செய்யலாம்.

நாகம் (துத்தநாகம்) பூசிய தண்ணீர்த் தாங்கி ஒன்று இருக்கிறது. துருவும் பிடிக்காதே? (உப்புவெளி)

வேண்டாம். நாகம் 420 பாகை செல்சியசுக்குச் சற்று முன்பே உருகிவிடும். நெருப்புப் பெட்டியின் சுவர் அந்தச் சூட்டைத் தாண்டக்கூடும். வெல்டிங் செய்யும்போது எழும் அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். நானும் குடித்தேன், காய்ச்சலும் வந்தது. இறைச்சி வைக்கும் தட்டுக் கம்பிகளிலும் நாகம் பூசியவற்றையும், பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டுகளையும் தவிர்த்து, 6 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பியை வாங்குங்கள்.

நெருப்புப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? புகைக்கூட்டை எங்கே வைப்பது? (சாம்பல்தீவு, மற்றும் பலர்)

புகையடுப்பு என்பது உண்மையில் காற்றுப் போகும் வழி. இரும்பு அதற்குப் போட்ட சட்டை மட்டுமே.

நெருப்புப் பெட்டி, சமைக்கும் தாங்கியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். 200 லீற்றர்த் தாங்கிக்கு 40 சென்ரிமீற்றர் நீள, அகல, உயரமுள்ள பெட்டி 64 லீற்றர் வரும், அது போதும். பெட்டியைத் தாங்கியின் ஒரு முனையில், தாங்கியின் மட்டத்தைவிடத் தாழ்த்திப் பொருத்துங்கள். சூடான காற்று தானாக மேலேறித் தாங்கிக்குள் நுழையும். நுழையுமிடத்தில் தகடு ஒன்றைச் சரிவாக ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத்து இறைச்சி கருகாது. மறுமுனையில் 4 அங்குலக் குழாயை இரண்டரை அடி உயரத்துக்கு நிறுத்துங்கள். காற்று உள்ளே வர நெருப்புப் பெட்டியின் கதவில் 2 அங்குலத் துளைகள் இரண்டு, அவற்றை மூடித் திறக்க நகரும் தகடு ஒன்று.

சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த உள்வழியால் மட்டுமே நடக்க வேண்டும். புகைக்கூட்டை எப்போதும் முழுதாகத் திறந்தே வையுங்கள். என் முதல் அடுப்புக்கு 2 அங்குலக் குழாயைப் புகைக்கூடாக வைத்து, புகை வீணாகிறதே என்ற ஆசையில் அதையும் பாதி மூடினேன். உள்ளே தேங்கிய புகை ஆறித் தாராகக் கோழியின் மேல் படிந்தது. வாயில் வைத்ததும் நாக்கு விறைத்தது, "இது கோழியா, ரயரா?" என்று வீட்டில் கேட்டார்கள். புகைக்கூட்டால் வெள்ளையாகத் திரண்டு புகை வந்தால் விறகு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். பின்னால் இருக்கும் முருங்கை இலை தெரியும் அளவுக்கு மெல்லிய நீலமாக வரும் புகையே இறைச்சிக்கு ஏற்றது. பெரிய விறகை அடைத்துப் புகைய விடுவதைவிடச் சிறிய விறகைச் சுறுசுறுப்பாக எரிய விட்டு, முக்கால் மணித்தியாலத்துக்கு ஒன்றாகப் போட்டு வாருங்கள்.

வெப்பமானியை மூடியின் உச்சியில் பொருத்தாமல் தட்டின் மட்டத்தில் பொருத்துங்கள். இரண்டுக்கும் பல பாகை வித்தியாசம் காட்டும். வாங்கியதும் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் அது 100 காட்ட வேண்டும்.

கதவை வெட்டினேன், திரும்ப வைத்தால் பொருந்தவில்லை. வளைந்துவிட்டது. (சீனக்குடா)

உருளைத் தகடு உருட்டும்போது ஏறிய விறைப்போடுதான் நிற்கிறது. நான்கு பக்கமும் ஒரே மூச்சில் வெட்டினால் அது விரிந்துவிடும். முதலில் பிணைச்சல் வரும் பக்கத்தை மட்டும் வெட்டி, பிணைச்சல்களை ஒட்டி, கைபிடியையும் ஒட்டிய பிறகே மற்ற மூன்று பக்கங்களை வெட்ட வேண்டும். வெட்டி முடிந்ததும் ஓர் அங்குலப் பட்டையைக் கதவின் விளிம்பில் பாதி வெளியே தெரியும்படி ஒட்டினால் இடுக்கு மறையும். உங்கள் கதவைக் கிளாம்பால் இறுக்கிப் பிடித்து, இந்தப் பட்டையை அங்கங்கே புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு வந்தால் பெருமளவு திரும்பிவிடும்.

(சீனக்குடாவிலிருந்து தாங்கி பற்றிக் கேள்வி வந்ததும் சிரித்துவிட்டேன். வெள்ளைக்காரன் யுத்த காலத்துக்குக் கட்டி வைத்த எண்ணெய்த் தாங்கிகள் 99 உங்கள் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றில் கண் வைக்க வேண்டாம்.)

எங்கள் வளவில் காற்று அதிகம். எந்தத் திசைக்குத் திருப்பி வைப்பது?

ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வறட்சியாக வீசும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். காற்றுத் துளை இரண்டில் எதற்கும் நேராக இருக்கக் கூடாது. நேராக இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் நெருப்பு கொல்லன் உலையாகிவிடும். நான் அடுப்பை வடமேற்கு–தென்கிழக்காக வைத்து, பெட்டியைத் தென்கிழக்கு முனையில் விட்டிருக்கிறேன். பெட்டிப் பக்கம் ஒரு தகரத் தட்டியும் நிறுத்தியிருக்கிறேன். கிடுகு வேலிக்கும் ஓலைக் கொட்டிலுக்கும் குறைந்தது பத்தடி தள்ளி வையுங்கள். கச்சான் நாளில் ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் மூட்ட வேண்டாம். மழை என்று அடுப்பை அறைக்குள்ளோ மூடிய கராஜுக்குள்ளோ இழுத்துச் செல்லவே கூடாது, புகையோடு வரும் காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு வாயுவுக்கு மணமில்லை.

புதிய அடுப்பைப் பழக்குவது எப்படி? தேங்காய் எண்ணெய் பூசலாமா, ஐயா? (பாலையூற்று, இல்லத்தரசி)

முதலில் உள்ளே பெரிய நெருப்பு மூட்டி, பரலின் உட்பூச்சு முழுவதும் சாம்பலாகி இரும்பு வெளிப்படும் வரை எரியுங்கள். அந்தப் புகை நஞ்சு. பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள்.

எண்ணெய் விடயத்தில் நம்முடைய பழக்கம் உதவாது. தேங்காய் எண்ணெய் காய்ந்து படலமாக இறுகுவதில்லை; பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடிக்கும். நல்லெண்ணெயோ சோயா எண்ணெயோ நன்றாக இறுகும். துணியில் தொட்டு மிக மெல்லியதாகப் பூசி, 130 பாகை அளவில் மூன்று மணித்தியாலம் எரித்துவிடுங்கள். வெளிப்புறத்துக்கு வெப்பம் தாங்கும் பெயின்ற். உட்புறத்துக்கு எந்தப் பெயின்ற்றும் கூடாது.

என்ன விறகு?

கொய்யா, மா, புளி. மூன்றும் குறைந்தது ஆறு மாதம் காய்ந்திருக்க வேண்டும். அடித்தணலுக்குச் சிரட்டைக்கரி போல வேறொன்றில்லை. ஆனால் அரைகுறையாகச் சுட்ட சிரட்டை கண்ணைக் கரிக்கும். வேம்பு கசக்கும். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் உண்டு, அதைப் போடாதீர்கள். கிளிசரிடியாவையும், பெயின்ற் பூசிய பலகையையும் தவிருங்கள். விறகை நனைத்துப் போடுவதால் நீராவிதான் கிடைக்கும்.

மாட்டிறைச்சி ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு 68 பாகையிலேயே நிற்கிறது. அடுப்பில் பிழையா? (கிண்ணியா)

பிழை இல்லை. அந்தக் கட்டத்தில் இறைச்சியின் மேற்பரப்பில் நீர் ஆவியாகி, வியர்வை நம் உடலைக் குளிர்விப்பது போல இறைச்சியைக் குளிர்விக்கிறது. விறகைக் கூட்டிப் பதறாமல், அடுப்பை 110–120 பாகையில் வைத்திருங்கள். அவசரமானால் வாட்டிய வாழையிலையில் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாளால் இறுக்குங்கள். நெஞ்சுப் பகுதி போன்ற கடின இறைச்சியில் சவ்வு கரைந்து இளகுவதற்கு உள்வெப்பம் 93 பாகைக்குக் கிட்ட வர வேண்டும். கோழிக்கு 74 போதும். போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி உப்புத் தடவி வைத்துவிடுங்கள்.

மீனுக்கும் இதே அடுப்பா?

இதே அடுப்புத்தான், அறக்குளாவுக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியாது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 80 கிராம் உப்புக் கரைத்து, தடித்த துண்டுகளை ஒரு மணித்தியாலம் ஊற வைத்து, துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் அடுக்குங்கள். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாமல் பசை போல இழுக்கும் நிலை வந்த பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். புகை பிடிப்பது அந்தப் பசையில்தான். மாரியில் இதற்கு இரட்டை நேரம் எடுக்கும். உள்வெப்பம் 63 பாகை வந்ததும் எடுத்துவிடலாம்.

சூரையும் கும்பளாவும் வாங்கினால் தோணியிலிருந்து அடுப்புவரை ஐஸ் விடுபடக் கூடாது. வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்ரமின் என்ற நஞ்சு நெருப்புக்கும் அழியாது; முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு தடிக்கும். புகையூட்டிய மீன் கருவாடும் அல்ல. மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

கடற்கரையிலிருந்து நூறு யார். துரு தின்றுவிடாதா? (அலஸ்தோட்டம்)

தின்னும். என் முதல் பரலின் அடி இரண்டாவது மாரியோடு ஓட்டை விழுந்தது. உப்புக் காற்றைவிடச் சாம்பல் செய்த வேலை அது. சாம்பல் மழைத்தண்ணீரோடு சேர்ந்து சேறாகி, ஈரத்தை நாட்கணக்காக இரும்போடு பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஆறியதும் அள்ளிக் கொட்டிவிட்டு, தாங்கியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போடுங்கள்.

வேலை முடிந்தது. முதலில் எதைச் சமைக்கட்டும்? (நிலாவெளித் தம்பி மறுபடியும்)

பாண். ஒரு இறாத்தல் பாணை மெல்லியதாக வெட்டித் தட்டு முழுக்கப் பரப்பி, அடுப்பு நன்றாகச் சூடேறிப் பிடித்த பிறகு கால் மணித்தியாலம் மூடி வையுங்கள். எந்தத் துண்டு கருகுகிறது, எது வெள்ளையாகவே கிடக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். நெருப்புப் பக்கத் தகட்டை எவ்வளவு சரிக்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.