‘ஏன் கத்தலை?’ என்று அம்மா கேட்கிறார்: வாசகர் கேள்வி பதில்

எங்கள் மகளிர் குழுவில் ஒரு பெண் வந்து, தனக்குப் பாலியல் வன்கொடுமை நேர்ந்ததாகச் சொன்னால் முதலில் எங்கே அழைத்துப் போவது? காவல் நிலையமா, ஆஸ்பத்திரியா?
– குழுத் தலைவி, திண்டுக்கல் மாவட்டம்

ஆஸ்பத்திரிக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் தாமதமாக ஆக பலன் குறையும். நம் ஊர் மருந்துக் கடைகள் பலவற்றில் அது கிடைப்பதில்லை. அலையாமல் அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள். உடலிலிருந்து தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. குளிக்காமல் போவது நல்லது, குளித்துவிட்டிருந்தாலும் போங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் கெடும்.

‘எஃப்.ஐ.ஆர். கொண்டு வா’ என்று தனியார் மருத்துவமனைகூடத் திருப்பி அனுப்ப முடியாது. சிகிச்சை இலவசம், மறுப்பது குற்றம். போலீசுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் கடமை. ஆனால் 18 வயது நிரம்பியவர் ‘இப்போது புகார் வேண்டாம்’ என்றாலும் சிகிச்சை உண்டு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181. குழந்தை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

என் தங்கைக்கு 23 வயது. ஏழு மாதம் முன்பு தெரிந்தவன் ஒருவனால் இந்தக் கொடுமை நடந்தது. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்கிறாள். ‘ஏன் கத்தலை?’ என்று அம்மா கேட்கிறார். பஸ்ஸில் திடீரென்று உறைந்துபோகிறாள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பெரியப்பா.
– பெயர் வேண்டாம்

உயிர்ப் பயத்தில் கைகால் விறைத்து, குரல் அடைத்துப்போகும். உடல் தானாகச் செய்வது அது, சம்மதம் ஆகாது. அதே பயத்தில் நினைவும் ஒழுங்காகப் பதியாது. ஒரு வாசனை, ஒரு சத்தம், சட்டையின் நிறம் என்று துண்டு துண்டாக நிற்கும்; வரிசை மாறும். உங்கள் தங்கை பொய் சொல்லவில்லை. இதை அம்மாவிடம் சொல்லுங்கள், தங்கையின் காதிலும் விழும்படி.

பஸ்ஸில் உறைந்தால் உலுக்காதீர்கள். பெயரைச் சொல்லி, ‘அக்கா பக்கத்துல இருக்கேன். பஸ்ஸுல போறோம், இன்னிக்கு செவ்வாய்க்கிழமை’ என்று மெதுவாகப் பேசுங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், கடைப் பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கையைத் தொடும் முன் ‘பிடிச்சுக்கட்டுமா?’ என்று கேளுங்கள். அவள் விருப்பத்தைக் கேட்காமல் நடந்ததுதானே அந்தக் கொடுமை! எந்த அறையில் படுப்பது, யாரிடம் சொல்வது என்று சின்ன விஷயம்கூட இனி அவள் சொன்னபடி நடக்கட்டும். கல்யாணப் பேச்சு இந்த நிலையில் இன்னொரு கட்டாயம். பெரியப்பாவைத் தடுக்க வேண்டியவர் நீங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் இப்படி இருந்தால் சிகிச்சை வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். முதலில் போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறை, 8 முதல் 12 அமர்வுகள். தொடக்கத்தில் நினைவுகள் கிளறப்பட்டுத் தூக்கம் இன்னும் கெடலாம். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாரங்களில் கூடவே போய் வெளியே காத்திருங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். ‘செத்துடலாம்னு இருக்கு’ என்றால் பேச்சை மாற்றாமல், தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஏழு மாதம் ஆனாலும் புகார் கொடுக்கலாம். வன்புணர்ச்சி வழக்குக்குக் காலவரம்பு இல்லை. இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, எண் 15100. விவரத்தை விசாரித்து வந்து அவளிடம் சொல்லுங்கள். யோசிக்க அவள் எத்தனை நாள் கேட்டாலும் கொடுங்கள்.