வெளிநாட்டில் படிக்கப் போகும் சேலத்துப் பிள்ளைகளின் கேள்விகள்

விசா, கட்டணம் பற்றி வந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். பெயர், சாதி, மதம், பேச்சு பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

ஆத்தூர்: அக்கா, பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கு. குடும்பப் பெயர் கட்டம் காலி. பரவாயில்லையா?

விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள் தம்பி. இப்படியே அமெரிக்க விசா எடுத்தால் உங்கள் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயருக்கான இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் வங்கி, வாடகை ஒப்பந்தம் என்று எல்லாவற்றிலும் அது கூடவே வரும். இனிஷியலில் இருக்கும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேருங்கள். அதிலும் ஒரு கூத்து உண்டு: ‘டியர் மிஸ்டர் பழனிசாமி’ என்று அப்பா பெயருக்குத்தான் மெயில் வரும். பழகிவிடும்.

ஏற்காடு: நான் மலையாளி, எஸ்.டி. வீட்டில் முதல் பட்டதாரி. மேற்படிப்புக்கு உதவித்தொகை உண்டா? கேரளாக்காரர் என்று நினைத்துக்கொள்வார்களா?

உண்டு. மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையைப் பாருங்கள். முதுகலை, முனைவர் படிப்புகளுக்குக் கிடைக்கும். ஆனால் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 பேர்தான், போட்டி கடுமை. முதலில் சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989 நவம்பரிலிருந்து எஸ்.டி. சான்று தருபவர் கோட்டாட்சியர். அதற்குப் பிறகு வட்டாட்சியர் கையெழுத்தில் வாங்கியது செல்லாது. கடைசி நேரத்தில் இதற்காக அலையாதீர்கள்.

கேரளாக்காரர் என்று நிச்சயம் நினைப்பார்கள். ஓணத்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சேர்வராயன் மலையில் தமிழ் பேசும் பழங்குடி என்று சொல்வதும், சும்மா ‘சேலம்’ என்று நிறுத்திக்கொள்வதும் உங்கள் விருப்பம். யாருக்கும் முழு வரலாறு சொல்லக் கடமை இல்லை.

ஊர் வேண்டாம்: அங்கேயும் சாதி வருமா?

வரும். அந்த ஊர்க்காரருக்கு நீங்கள் வெறும் இந்தியர். கூட அறையில் தங்குகிற நம்ம ஆட்களுக்கு அது போதாது. “சேலத்தில் எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?” என்று ஆரம்பிப்பார்கள். இந்த விசாரணை எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவதில் தப்பே இல்லை.

அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019லும் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2022லும் தங்கள் பாகுபாடு தடுப்பு விதிகளில் சாதியைச் சேர்த்தன. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சட்டமே போட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான கலிஃபோர்னியா மாநில மசோதாவை ஆளுநர் நியூசம் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். எனவே பொதுவாக ‘அமெரிக்கா’ என்று பார்க்காமல், சேரப்போகும் பல்கலைக்கழக விதியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோட்டை: பிரான்ஸில் முக்காடு போடலாமா?

பல்கலைக்கழக மாணவியாகப் போடலாம்மா. மத அடையாளங்களுக்கு 2004ஆம் ஆண்டு வந்த தடை அரசுப் பள்ளிகளுக்குத்தான். முகத்தை மூடுவதற்குப் பொது இடங்களில் தடை உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: பிஎச்.டி. சமயத்தில் அரசுப் பல்கலைக்கழகத்தில் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தால் அரசு ஊழியருக்கான மத நடுநிலை விதி வந்துவிடும். அப்போது முடியாது.

அம்மாபேட்டை: தறி வீடு, தமிழ் மீடியம். என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்களா?

சிரித்தால் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரர்தான் சிரிப்பார். பேராசிரியர் “இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்பார், அவ்வளவுதான். தறி வீட்டை, விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் (எஸ்.ஓ.பி.) எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டெக்ஸ்டைல் படிப்புக்கு என்றால் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் கஷ்டப்பட்ட கதையாக வேண்டாம். பாவு எதனால் அறுகிறது, ஈரப்பதம் குறைந்தால் நூல் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். அது உங்களுக்குத் தெரிந்த அளவுக்குப் புத்தகம் மட்டும் படித்தவருக்குத் தெரியாது.

மேட்டூர்: பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடணுமாமே?

பிரிட்டனில் பெரும்பாலும் ஆமாம். ஜெர்மனியில் அவராகச் சொல்லும்வரை வேண்டாம்.