எதில் அறுபது?

அன்புள்ள ஐயா,

இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்தான், அதனால் ஆங்கிலத்தில் வாக்கியமாக வரும் சதவீதக் கணக்குகள் தப்பாகின்றன. உதாரணத்துக்கு ஒன்று: ஒரு கல்லூரி மாணவர்களில் 60% பெண்கள். பெண்களில் 25 சதவீதமும் ஆண்களில் 40 சதவீதமும் விடுதியில் தங்குகிறார்கள். விடுதியில் இருப்பவர்களில் பெண்கள் எத்தனை சதவீதம்? நான் 15 என்று போட்டேன், தவறு என்றார்கள். கோச்சிங்கில் 40 ஷார்ட்கட் சூத்திரங்கள் கொடுத்திருக்கிறார்கள். எவற்றை மனப்பாடம் செய்யலாம்? எந்தப் புத்தகம் வாங்கலாம்?

க.

அன்புள்ள க,

அந்தச் சூத்திரத் தாளை மடித்து உள்ளே வையுங்கள். இந்தத் தேர்வில் திரையிலேயே கால்குலேட்டர் தருகிறார்கள். கணக்குப் பகுதியில் 27 கேள்விக்கு 47 நிமிடம், ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நிமிடம்கூட இல்லை. அதற்குள் நாற்பதில் எது பொருந்தும் என்று தேடிக்கொண்டிருப்பீர்களா?

உங்கள் 15 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். மொத்தம் 100 பேர் என்று வைத்தால் பெண்கள் 60, அதில் விடுதியில் 15 பேர். அதுவரை சரி. ஆனால் கேட்டது விடுதியில் இருப்பவர்களில். ஆண்கள் 40 பேரில் 16 பேர் விடுதியில் இருக்கிறார்கள், ஆக விடுதியில் 31 பேர். 31இல் 15, ஏறக்குறைய 48.4%. நீங்கள் கல்லூரியிலேயே நின்றுவிட்டீர்கள், கேள்வி விடுதிக்குள் போய்விட்டது. எண்களைப் பொறுக்கிக்கொண்டு வாக்கியத்தை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். கணக்கு வராதவர் இல்லை நீங்கள்.

என் அம்மா ஐந்தாவது வரை படித்தவர். இட்லிக் கடை வைத்திருந்தார், அவசரத்துக்குத் தண்டல் வாங்குவார். பத்தாயிரம் தண்டல் என்றால் முதலிலேயே ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். "நூத்துக்குப் பத்துதாம்மா" என்றார் தண்டல்காரர். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "என் கைக்கு வந்தது தொண்ணூறுதானே தம்பி, தொண்ணூறுக்குல்ல பத்து?" 11.11 சதவீதம் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பத்து எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்திருந்தது. அதோடு விடவில்லை. மறுநாளிலிருந்தே நூறு நூறாகத் திருப்பிக் கொடுக்கிறேனே, ஒன்பதாயிரமும் நூறு நாளும் என்னிடமா இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் பல வருடம் கழித்துத்தான் நான் கணக்காகப் போட்டுப் பார்த்தேன், ஆண்டுக்கு எழுபது சதவீதத்துக்கு மேல் போகிறது அந்த வட்டி. அன்றும் பணத்தை வாங்கிக்கொண்டார், வேறு வழியில்லை. தெரிந்தே வாங்கினார்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். தமிழ் மீடியம் என்பதை ஏதோ மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அறுபது சதவீதம் முதலில் வரும், அப்புறம் 'ஆஃப்', அதற்கும் பிறகுதான் எதில் என்பது வரும். எண்ணைப் பார்த்ததும் கை பெருக்கத் தொடங்கிவிடுகிறது, எதில் என்பதைக் கண் தாண்டிவிடுகிறது. தமிழில் 'மாணவர்களில் 60 சதவீதம்' என்கிறோம். எதில் என்பது முன்னால் வந்து நிற்கிறது, அந்த 'இல்' இல்லாமல் எண்ணுக்கே போக முடியாது. உங்களுக்கு வாய்த்திருப்பது எவ்வளவு நல்ல கருவி! கேள்வியை மனதுக்குள் தமிழாக்கிப் படியுங்கள், யாரும் பிடிக்கப் போவதில்லை. ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்திலும் 'எதில்?' என்று ரஃப் தாளில் எழுதுங்கள். 100 ரூபாய் 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் ஏன் 96இல் நிற்கிறது என்பதற்குத் தனியாக ஒரு சூத்திரம் உங்கள் தாளில் இருக்கும். முதல் 20 நூறில், இரண்டாவது 20 நூற்றிருபதில். இதற்கு எதற்குச் சூத்திரம்?

புத்தகம் இப்போது வேண்டாம். தேர்வு நடத்தும் இ.டி.எஸ். தளத்தில் இரண்டு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே இருக்கின்றன, முதலில் அவற்றை எழுதுங்கள். அதற்கு முன் எனக்காக ஒன்று: 20% தள்ளுபடி போக ஒரு சட்டை 960 ரூபாய். பழைய விலை என்ன? 1,152 என்று வந்தால் அனுப்பாதீர்கள், திரும்பப் போடுங்கள். விடையோடு, அந்த 20 எதில் என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.