108-ஐ எப்போது அழைப்பது? தனியார் ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு கொடுப்பது?

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆம்புலன்ஸ் பற்றிய கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ராசிபுரம்): சிஸ்டர், இரவு நேரத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் பாரம், வியர்வை. "வாயுதான், சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். வாசலில் கார் நிற்கிறது. கிளம்பிவிடலாமா, 108-க்குக் காத்திருப்பதா?

பதில்: அறுபது வயதுக்காரர் "வாயு" என்றால் நான் முதலில் அவர் சட்டையின் முதுகுப் பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பேன். நனைந்திருந்தால் மாரடைப்பு என்றே வைத்துக்கொள்வேன். அழுத்தம் தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது, மூச்சு வாங்குவது, குமட்டல் எல்லாம் அதே கணக்குத்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் வெறும் அசதியாகவும் வரும்.

108-ஐ அழையுங்கள். காரை ஓட்டப் போவது நீங்கள். வழியில் அப்பாவின் இதயம் நின்றுவிட்டால் பின் சீட்டில் அம்மா அழுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கிறது, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறார். வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்று தெரிந்து, இதய சிகிச்சை தரும் மருத்துவமனை பத்து நிமிடத்தில் இருந்தால் மட்டும் காரில் போங்கள். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் அவர் பக்கத்தில் உட்காரட்டும். எப்படிப் போனாலும் அவரை மாடிப்படி இறங்க விடாதீர்கள். நாற்காலியோடு தூக்கி இறக்குங்கள். பெரிய மருத்துவமனை தொலைவில் என்றால், திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் உதவும். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

கேள்வி (கம்பம்): 108-க்குக் கட்டணம் உண்டா? போனில் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியதிலிருந்தே இலவசம்தான். வழக்கமாக, நோயாளிக்குத் தேவையான சிகிச்சை கிடைக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்.

போனில் முதலில் மாவட்டம், வட்டம், ஊர், பிறகு அடையாளம். "பிள்ளையார் கோயில் பக்கம்" என்பது அடையாளமே அல்ல, எந்த ஊரில்தான் பிள்ளையார் இல்லை? பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் முன் நீங்கள் வைக்காதீர்கள். ஓட்டுநர் திரும்ப அழைப்பார், அந்த நேரத்தில் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் போன் போட்டு இணைப்பை அடைத்துவிட வேண்டாம். தெருமுனையில் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும்.

கேள்வி (சேலம்): மாமனாரை இங்குள்ள தனியார் மருத்துவமனையிலிருந்து கோவைக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு ஆளுக்கொரு தொகை கேட்கிறார்கள் சிஸ்டர். நியாயமான விலை எது?

பதில்: கொரோனா காலத்தில், 2021 மே மாதம், தமிழ்நாடு அரசு தனியார் ஆம்புலன்ஸுக்கு விலை நிர்ணயித்தது. முதல் 10 கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டி 1,500 ரூபாய், ஆக்சிஜன் வசதியுள்ளது 2,000, வென்டிலேட்டர் உள்ளது 4,000. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு முறையே 25, 50, 100 ரூபாய். அது அந்தக் காலத்து விலை என்றாலும் பேரம் பேச ஓர் அளவுகோல். சேலம்–கோவை 160 கிலோமீட்டர் என்று வைத்தால் சாதாரண வண்டி 5,250, ஆக்சிஜனோடு 9,500, வென்டிலேட்டரோடு 19,000. இன்று டீசல் விலை, ஆள் கூலி என்று கொஞ்சம் கூடக் கேட்பார்கள். இரண்டு மடங்கு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

வண்டி புறப்படும் முன் கேட்க வேண்டியவை: திரும்பி வரும் தூரமும் கணக்கில் உண்டா, சுங்கச்சாவடிக் கட்டணம் யாருடையது, ஆக்சிஜனுக்குத் தனித் தொகையா, கூட வருபவர் செவிலியரா அல்லது உதவியாளர் மட்டுமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு வண்டி பாருங்கள். வென்டிலேட்டர் இருந்து, அதை இயக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அது வெறும் பெட்டி. எந்த வகை வண்டி தேவை என்பதை அனுப்பும் மருத்துவர் சொல்லட்டும், வண்டிக்காரர் சொல்ல வேண்டாம். நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றிச்செல்லும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ரசீதில் அது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (அதே நபர்): காப்பீட்டில் இது திரும்பக் கிடைக்குமா?

பதில்: முழுதும் கிடைப்பது அரிது. 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற பொதுவான மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் ஆம்புலன்ஸுக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய். உங்கள் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டியிருக்குமா?

பதில்: வேண்டாம் தம்பி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்கும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், தனியார் உட்பட. தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். ஆளை இழுத்து ஆட்டோவில் திணிக்காதீர்கள், கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். வண்டி தீப்பற்றினால் கதை வேறு.

கேள்வி (கும்பகோணம்): பாட்டிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். 108-ஐக் கூப்பிடலாமா?

பதில்: நினைவு தெளிவாக இருந்து, மூச்சு சீராக இருந்தால் ஆட்டோ போதும் அம்மா. ஆலோசனைக்கு 104 இருக்கிறது.

கேள்வி (அறந்தாங்கி): காலையில் எழுந்ததும் அம்மாவுக்கு வாய் ஒருபக்கம் கோணி, பேச்சு குழறியது. அரை மணியில் கொஞ்சம் சரியாகிவிட்டது. பக்கவாதத்துக்கு எண்ணெய் கொடுக்கும் வைத்தியரிடம் போகச் சொல்கிறார்கள்.

பதில்: இதைப் படித்தவுடன் 108-ஐ அழையுங்கள். சரியானது போலத் தோன்றினாலும் அடுத்த அடைப்பு இன்றைக்கே வரலாம். மூளையில் உறைந்த ரத்தக் கட்டியை ஊசி போட்டுக் கரைக்கப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அதனால் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போகவேண்டும். அம்மா கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்து வையுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். தண்ணீர், காபி, ஆஸ்பிரின் எதுவும் வாயில் கொடுக்காதீர்கள்: விழுங்க முடியாமல் புரையேறலாம், அடைப்புக்குப் பதில் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம்.