பி.எஸ்சி. படிக்கும்போதே ஆராய்ச்சி: கேள்வி பதில்

அக்கா, எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சியே நடப்பதில்லை. எங்கே தொடங்குவது? (இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கோடை விடுமுறையில். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து ஒரு கோடைக்கால ஆய்வுத் திட்டம் நடத்துகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) மாணவர்களுக்கு நடத்தும் கோடைத் திட்டமான வி.எஸ்.ஆர்.பி.யையும் பாருங்கள். ஏப்ரலில் தேடினால் எல்லாம் முடிந்திருக்கும். தீபாவளி சமயத்திலிருந்தே அறிவிப்புகளைக் கவனியுங்கள்.

முப்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

முப்பது பேருக்கும் ஒரே கடிதம்தானே, தம்பி? போன வாரம் எனக்கும் ஒன்று வந்தது. என்னுடைய நானோ துகள் ஆய்வு அவரை மிகவும் கவர்ந்ததாம். நான் ஆராய்வது ஈஸ்ட் நுண்ணுயிரியை!

ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருடைய கட்டுரை ஒன்றையாவது படியுங்கள். பாதிதான் புரியும், பரவாயில்லை. புரியாத இடத்திலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் உங்களுக்கு என்ன தெரியும் (பைத்தான் நிரல் எழுதுவதோ, திரவம் அளக்கும் பிப்பெட் பிடிப்பதோ), எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும் என்று எழுதுங்கள். பத்து வரி போதும். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

பிஎச்.டி. முடிப்பதற்குள் முப்பது வயதாகிவிடும், அதுவரை சோற்றுக்கு என்ன வழி என்று அப்பா கேட்கிறார்.

நியாயமான கேள்வி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். பிஎச்.டி.க்குப் பிறகு நிரந்தர வேலைக்குப் போட்டியும் கடுமை. இதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போதே பேப்பர் (ஆய்வுக் கட்டுரை) போட்டாக வேண்டுமா?

வேண்டாம். 1928-இல் சென்னை வந்த ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைப் போய்ப் பார்த்துவிட்டு, மறு ஆண்டே ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டார் மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். நம்மில் எத்தனை பேர் சந்திரசேகர்? காசு வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் போட்டுத்தரும் இதழ்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருந்தும் ஒரு முடிவும் வரவில்லை. எனக்கு இது ஒத்துவராதோ, அக்கா?

என் முதல் கோடையில் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பார்க்கும் சோதனை செய்தேன்; ஆறு வாரம் ஜெல்லில் ஒரு பட்டைகூடத் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், ப்ரைமரை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) நான் கரைத்த அளவே தப்பு. முடிவு வந்ததா என்பதை விடுங்கள். ஏன் வரவில்லை என்று மறுநாள் காலை போய்ப் பார்க்கத் தோன்றியதா? அதைச் சொல்லுங்கள், மேலே பேசுவோம்.