காஸ் பூட்டிய டர்போ வேகனை விற்பது எப்படி?

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் பாதி, கார் விற்பது பற்றியவை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

சாவகச்சேரி: என்னிடம் 1999 சுபாரு லெகசி டர்போ வேகன் இருக்கிறது. காஸ் பூட்டி ஆறு வருடம், பெற்றோலிலும் ஓடும். தரகர், "காஸைக் கழற்றிப்போட்டுக் கொண்டுவாங்கோ, அப்பதான் விலை போகும்" என்கிறார். கழற்றவா?

ஸ்பனரை எடுக்க முதல் பதிவுப் புத்தகத்தை எடுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? காஸ் பூட்டியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து திருத்தியிருந்தால் கழற்ற வேண்டாம். வெறும் பெற்றோல் என்று மட்டும் இருந்தால், தரகர் பயப்படுவது நியாயம். அப்போது ஒன்றில் பதிவைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் முழுவதையும் முறையாகக் கழற்றுங்கள்.

அரைகுறையாகக் கழற்றினால்தான் மோசம். காற்றுக் குழாயில் காஸ் நொசிலுக்குத் துளைத்த ஓட்டைகள், இன்ஜெக்டர் வயரை வெட்டி ஒட்டிய இடம், டிக்கியின் அடியில் குழாய் இறங்கிய துளை எல்லாம் அப்படியே கிடக்கும். விஷயம் தெரிந்தவன் பொனட்டைத் திறந்தவுடனேயே விலையைக் குறைப்பான்.

காஸுக்குப் போட்ட காசு விலையில் திரும்பி வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்றவர் ஆசையாகப் பார்ப்பார். அதே வருடம் காஸ் வரிசையிலும் நின்றவர் அவ்வளவு மயங்கமாட்டார். தொண்ணூறுகளில் காபரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. இரட்டை எரிபொருளைக் காட்டி யாரையும் இங்கே அசத்த முடியாது.

பருத்தித்துறை: இதே லெகசிதான். எஞ்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்றைத் தாண்டும்போது இழுவை ஒரு கணம் தொய்கிறது. விற்க முதல் டர்போ மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். பெற்றோலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் தொய்ந்தால் அது பெரும்பாலும் காரின் பிறவிக் குணம். அந்தக் காலத்து லெகசி டர்போவில் இரண்டு டர்போ. முதலாவது தனியாக இழுத்து, பிறகு இரண்டாவது சேரும் இடத்தில் இப்படி ஒரு பள்ளம் வரும். 2003 இல் வந்த புதிய மொடலில்தான் ஒற்றை டர்போ ஆக்கினார்கள். வாங்குபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காஸில் மட்டும் தொய்ந்தால் ரெடியூசரைப் பாருங்கள். திரவக் காஸை ஆவியாக்க அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை எஞ்ஜின் தண்ணீர்தான் கொடுக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீரோ சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவதுபோல ரேடியேற்றரிலும் ரெடியூசரின் மெல்லிய குழாயிலும் படிந்து அடைத்துவிடும். ஒருமுறை பங்குனி வெயிலில் ஒரு காரின் பொனட்டைத் திறந்தேன். எஞ்ஜின் கொதிக்கிறது, பக்கத்திலிருந்த ரெடியூசரின் மேல் வெண்பனி! உரிமையாளர் காஸ் கசிகிறதென்று ஓடிவிட்டார். குழாயைக் கழுவி, கூலன்ற் விட்டோம், அவ்வளவுதான். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

கொக்குவில்: வாங்க வருபவருக்கு எப்படி ஓட்டிக் காட்டுவது?

அவர் வருவதற்கு முன் எஞ்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள், சந்தேகப்படுவார். அவரே பொனட்டைத் தொட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீர் போதிய அளவு சூடானதும் தானாகக் காஸுக்கு மாறும். மாறியது சுவிட்சின் விளக்கில் தெரிய வேண்டும், காரில் தெரியக் கூடாது. புகைக்குழாயில் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ஓடி முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். டர்போ வைத்திருந்தவரின் கை பழக்கம் அதிலேயே தெரியும். ஒயில் மாற்றிய பில்லுகளையும் காஸ் தாங்கியில் பொறித்த தயாரிப்புத் திகதியையும் காட்டுங்கள். தாங்கி 80 வீதம்தான் நிரம்பும், 45 லீற்றர் தாங்கியில் 36 தான். வாங்குபவர் பிறகு உங்களோடு சண்டைக்கு வராமலிருக்க இதையும் சொல்லிவிடுங்கள்.

வேலணை: காட்டுவதற்காக வீட்டுச் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் ஏற்றலாமா?

கூடவே கூடாது. காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தவழ்ந்து அடுப்படி வரை போகும்.

நல்லூர்: வாங்குபவர், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம், ஓப்பின் பேப்பரில் (வாங்குபவர் பெயரை நிரப்பாமல், விற்பவர் ஒப்பம் மட்டும் வைத்த பத்திரத்தில்) தாருங்கள் என்கிறார்.

நான் ஒருமுறை அப்படி ஒரு வானை விற்றேன். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவர் வேறொருவருக்கு விற்க, இரண்டு வருடம் கழித்து எனக்கு வந்தது நான் போகாத ஊரிலிருந்து ஒரு கடிதம். யார் ஓட்டினார் என்று நிரூபிக்கக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. ஆகவே, கையொப்பம் வைக்கும் நாளிலேயே அவருடைய அடையாள அட்டைப் பிரதியை வாங்குங்கள். விற்ற திகதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். விற்ற அறிவித்தலை நீங்களே திணைக்களத்துக்குக் கொடுங்கள், அவரை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். மறுத்தால் அடுத்த ஆளைப் பாருங்கள், நல்ல வேகன் இரண்டு கிழமை கூடுதலாக நிற்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது.